வை

மூன்றாவது முறையும் சுருட்டையின் கைகள் இறங்கின. திறந்து கிடந்த முகத்துக்கு நேரே நண்பன் ஒட்டகத்தின் இடது கை வந்து மூக்கில் உட்கார்ந்தது.

"நிறுத்து!" என்றார் மாஸ்டர்.

டயர் கடைக்கு மேலே இருந்த நீளமான குத்துச்சண்டைப் பயிற்சி அறை அது. நான்கு இரும்புத் தூண், மூன்று சுற்றுக் கயிறு, கீழே பழைய கன்வாஸ். கடையில் டியூபுக்கு ஒட்டுப் போடும் ரப்பர் வாடை படியேறி வந்து வியர்வை வாடையோடு சேர்ந்துகொள்ளும். மாஸ்டர் என்றதும் மீசை வைத்த ஆளை நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் வாசலிலேயே ஒரு நிமிஷம் தடுமாறுவார்கள். மாஸ்டர் முப்பத்தைந்து வயசுப் பெண். ஆறு நாள் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார், ஏழாவது நாள் அதில் ஏற்றுவதற்கு ஆள் தயார் செய்கிறார் என்று ஒட்டகம் சொல்வான். அவர் காதுபடவே சொல்வான்.

சுருட்டை கயிற்றில் சாய்ந்து நின்று மூக்கைத் தோளில் துடைத்தான். அடி அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. கல் பட்டறையில் ஒரு வாரத்தில் படுகிற காயத்தை எண்ணினால் இது கணக்கிலேயே வராது. மூச்சும் வாங்கவில்லை. இன்னும் பத்துச் சுற்று நில் என்றாலும் நிற்பான். பதினாலு மாசமாக ஒரு ஞாயிறு விடாமல் வந்திருக்கிறான். மூட்டையைக் குத்தும்போது மூட்டை ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்துக் கீழே டயர் கடைக்காரன் மேலே ஏறிவந்து, கூரை தாங்குமா என்று கேட்டிருக்கிறான். அப்படிப்பட்டவன் கை ஏன் தன்னால் இறங்குகிறது?

"களைச்சிட்டியா?" மாஸ்டர் கேட்டார்.

"இல்ல மாஸ்டர்."

"பயமா?"

"இவனப் பாத்தா? பட்டறைல தினம் இவன் மூஞ்சிலதான் முழிக்கிறேன். பழகிப்போச்சு."

ஒட்டகம் சிரித்தான். நல்ல உயரம், நீளக் கழுத்து, நடக்கும்போது தலை முன்னால் போய்த்தான் உடம்பு பின்னால் வரும். பேர் வைத்தவனைக் குறை சொல்ல முடியாது. சுருட்டையை இங்கே இழுத்துவந்ததே அவன்தான். மூன்று போட்டி ஆடி இரண்டில் ஜெயித்தவன். புருவத்தில் போட்ட தையல் இரண்டு தடவை பிரிந்துவிட்டதால் இந்த வருஷம் போட்டி கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தலைக்கவசம் மாட்டிக்கொண்டு சுருட்டைக்கு ஜோடியாக நிற்பதோடு சரி.

"இன்னொரு தடவ. மெதுவா," என்றார் மாஸ்டர்.

இருவரும் நடுவில் வந்து சுற்றினார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெயிண்டர் தொண்டையைச் செருமினான். சுவரில் ஏறி நின்று கீழே இருக்கிறவனோடு பேசிப் பேசி வளர்ந்த தொண்டை அது.

"சுருட்டை! என்னடா வேடிக்கை பாக்குற? ஒன்னு வைடா! வை!"

கைகள் இறங்கின. இந்தத் தடவை ஒட்டகம் அடிக்கவில்லை. அடிக்கப் போன கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டு சுருட்டையின் கைகளையே பார்த்தான். இரண்டும் ஒரே உயரத்தில் இடுப்புக்கு வந்திருந்தன. மணிக்கட்டு உள்பக்கமாகத் திரும்பி, முழங்கை விலாவோடு ஒட்டி. ஒட்டகம் வாயிலிருந்த பல் காப்பு ரப்பரைத் துப்பினான்.

"டேய்!" என்றான். சிரிப்பில் மேலே பேச்சு வரவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தான். "மாஸ்டர், இவன் கல்லு வைக்கிறான் மாஸ்டர்!"

சுருட்டை குனிந்து தன் கையைப் பார்த்தான். ஆமாம். கல்தான் வைத்துக்கொண்டிருந்தான்.

பட்டறையில் அறுத்த கிரானைட்டை அவர்கள் இரண்டு பேர்தான் எட்டு வருஷமாகத் தூக்குகிறார்கள். அடுப்பு மேடைக்கு, கடை மேசைக்கு, மாடிப் படிக்கு என்று அறுத்த ஸ்லாப். நிமிர்த்திப் பிடித்து, ஆளுக்கொரு முனை, அடிவிளிம்பில் விரல் கொடுத்துத் தூக்க வேண்டும். தூக்கும்போது ஒரு சொல், 'தூக்கு'. மரக்கட்டை மேல் இறக்கும்போது ஒரு சொல், 'வை'. இரண்டையும் ஒட்டகம்தான் சொல்வான், அவன் முனையிலிருந்துதான் கட்டை முழுசாகத் தெரியும். அவன் 'வை' என்றால் அந்த நொடியே வைக்க வேண்டும். யோசிக்கக் கூடாது. ஒரு முனை முந்தி, ஒரு முனை பிந்தினால் கல் சாயும். சாய்ந்த கல்லுக்கு அடியில் யாருடைய விரலோ இருக்கும். ஒட்டகத்துக்கு முன்னால் அந்த முனையில் நின்றவருக்கு வலது கையில் மூன்று விரல்தான். அவர் இப்போது கேட்டில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதுகிறார்.

அந்தச் சொல் சுருட்டையின் காதுக்குள் போனால் மூளைக்குப் போவதில்லை, நேரே கைக்குப் போய்விடுகிறது. மாஸ்டர் பயிற்சியில் எல்லாம் எண்ணாகத்தான் சொல்வார். ஒன்று என்றால் இடது, இரண்டு என்றால் வலது. அதனால் பதினாலு மாசம் தெரியவில்லை. இந்த மாசம்தான் ஜோடி ஆட்டம் தொடங்கியது, பெஞ்சில் வேடிக்கை பார்க்கிற கூட்டமும் சேர்ந்தது. வேடிக்கை பார்க்கிறவனுக்கு எண் எதற்கு?

மாஸ்டர் சிரிக்கவில்லை.

"பெயிண்டர் வாய மூடச் சொல்றேன். போட்டி அன்னிக்கு ஐநூறு பேர் உக்காந்திருப்பான். அத்தன பேரும் வைடா வைடான்னுதான் கத்துவான். ஒவ்வொருத்தன் வாயிலயும் துணி அடைப்பியா?"

"சரி பண்ணிடறேன் மாஸ்டர்."

"எப்படி?"

"அது தெரியல. ஆனா பண்ணிடுவேன்."

"அடுத்த ஞாயிறு பன்னெண்டு மணிக்கு லிஸ்ட் அனுப்பணும். பத்து மணிக்கு நீங்க ரெண்டு பேரும் மூணு சுத்து ஆடுறீங்க. கை இறங்குச்சுன்னா உன் பேரு கிடையாது. தாடைய நீட்டிட்டு நிக்கிறவன நான் அனுப்ப மாட்டேன். அப்படி வந்தவங்கள நான் வண்டில ஏத்திட்டுப் போயிருக்கேன்."

புதியவர்களுக்கான போட்டி அது. முப்பது வயசு ஆகிவிட்டால் சேர்க்க மாட்டார்கள். சுருட்டைக்கு இருபத்தொன்பது முடிய இரண்டு மாசம்தான் பாக்கி. அடுத்த வருஷம் அவன் பெஞ்சில் பெயிண்டர் பக்கத்தில் உட்கார்ந்து கத்தலாம்.

மாஸ்டர் ஒட்டகத்தின் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லு. அடிக்கிறதுக்கு முன்னாடி 'வை'ன்னு சொல்லிட்டு அடி. இறக்கினான்னா இரக்கம் பாக்காத."

ஒட்டகம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கையுறையின் கயிற்றைப் பல்லால் அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

படியிறங்கித் தெருவுக்கு வந்த பிறகு சொன்னான். "மச்சான், அது என்னால முடியாது."

"எது?"

"அந்த வார்த்தைய அங்க சொல்றது. உன்ன ஏமாத்தி அடிக்க அதச் சொல்லிட்டு, திங்கட்கிழமை கல்லுல வந்து அதையே எப்படிச் சொல்றது? நீ ஒரு நொடி யோசிச்சேன்னு வச்சுக்க, என் கை போச்சு. நான் இன்னும் கல்யாணமே பண்ணல."

"மோதிரம் போட விரல் வேணும்கற."

"சிரிக்காத. நெசமாத்தான் சொல்றேன்."

சுருட்டை சிரிப்பை நிறுத்தினான். அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

வீட்டில் மனைவி கதவைத் திறந்து அவன் முகத்தைப் பார்த்தாள். தையல் ஆலையில் சட்டைக் காலர் தைக்கிறவள். ஒரு நூல் பிசகினாலும் கண்ணில் பட்டுவிடும்.

"மூக்க எங்க வச்சிட்டு வந்தீங்க?"

"அங்கதான் இருக்கு, பாரு. கொஞ்சம் பெருசா இருக்கு."

"ஐஸ் எடுத்து வைங்க. பைய மூலையில வைங்க. அந்த ஈரத் துணிய நான் தைச்ச துணி மேல வைக்காதீங்க."

ஒரு மூச்சில் மூன்று. சுருட்டை அன்றைக்கு முழுக்க எண்ணிக்கொண்டிருந்தான். போனை வை, விளக்கை அணைத்து வை, தண்ணீர் பிடித்து வை, ஞாபகம் வை. இந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டால் வீட்டில் பாதிப் பேச்சு நின்றுபோகும். ஆனால் மனைவி சொல்லும்போது கை பதறவில்லை. மல்லுக்கு நிற்கிற மாதிரி எதிரே ஒரு ஆள் நின்று, உடம்பு முறுக்கிக்கொண்டு, காலடியில் கவனம் இருக்கும்போது மட்டும்தான் பதறுகிறது. அங்கே உடம்பு இதைப் பட்டறை என்று நினைத்துவிடுகிறது.

திங்கட்கிழமை காலையில் அவனே ஒரு யோசனை சொன்னான்.

"பட்டறைல வார்த்தைய மாத்திடுவோம். இனிமே 'இறக்கு'ன்னு சொல்லு. 'வை'ங்கறது குத்துச்சண்டைக்கு மட்டும்."

"எட்டு வருஷத்த ஒரு காலைல மாத்துவியா?"

"சொல்லித்தான் பாரேன்."

முதல் கல் ஆறடி, கறுப்பு. ஒரு வங்கிக் கிளையின் மேசைக்குப் போக வேண்டியது. தூக்கினார்கள், நடந்தார்கள், கட்டைக்கு மேலே கொண்டுவந்தார்கள்.

"இறக்கு," என்றான் ஒட்டகம்.

சுருட்டைக்குச் சொல் புரிந்தது. புரிந்து முடிப்பதற்குள் ஒட்டகத்தின் முனை கீழே போய்விட்டது. கல் ஒரு பக்கமாய்ச் சரிந்தது. ஒட்டகம் சூடு பட்டவன் மாதிரி விரலை உருவினான். கல் கட்டையில் இடித்து, மூலையில் நகம் அளவு ஒரு சில்லு தெறித்தது.

மேஸ்திரி அறுக்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தார். அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. இருவருடைய அம்மா அப்பாவில் தொடங்கி இன்னும் பிறக்காத பிள்ளைகள் வரைக்கும் போனார். அவர் திரும்பிப் போனதும் ஒட்டகம் நடுவிரலைத் தூக்கிக் காட்டினான். நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டி நீலமாக இருந்தது.

"பாத்துக்க. கல்லுல விளையாட வேணாம்."

"சரிடா. மன்னிச்சுக்க."

"மன்னிப்ப வச்சு நான் என்ன பண்றது? தூக்கு."

அதோடு அந்த யோசனை முடிந்தது. செவ்வாய்க்கிழமை முழுக்கச் சுருட்டை கல் தூக்கிக்கொண்டே யோசித்தான். அவனுக்கு ஒரு விஷயத்தில் சந்தேகமே இல்லை. ஆளைப் பார்த்தும், அடியைப் பார்த்தும், கூட்டத்தைப் பார்த்தும் அவன் தோற்கப்போவதில்லை. ஒரே ஒரு எழுத்து வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது. அதைத் தாண்டிவிட்டால் போதும். மறக்க முடியாததை மறக்கிற வேலையை அவன் விட்டுவிட்டான். எப்படித்தான் வைக்கிறோம் என்று பார்க்கத் தொடங்கினான்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு அது கண்ணில் பட்டது. மாடிப் படிக்கு அறுத்த கற்கள், வரிசையாய் இருபத்திரண்டு. ஒன்றைத் தூக்குவது, நடப்பது, வைப்பது. ஏழாவது கல்லை வைக்கும்போது பக்கத்தில் பளபளவென்று தீட்டி நிறுத்தியிருந்த ஒரு ஸ்லாபில் தன் உருவத்தைப் பார்த்தான். 'வை' என்றதும் உருவம் கீழே போனது. முழுசாகக் கீழே போனது. கை நெஞ்சுக்கு எந்த உயரத்தில் இருந்ததோ அதே உயரத்தில்தான் இருந்தது. மடங்கியது கால் முட்டி. முதுகு நேராக, பின்பக்கம் தாழ்ந்து, லிஃப்ட் இறங்குகிற மாதிரி ஆளே இறங்கினான்.

கல் தூக்குகிறவன் எவனும் கையால் வைப்பதில்லை. கையால் வைத்தால் நாலாம் நாள் இடுப்பு போய்விடும். காலால்தான் வைக்க வேண்டும். முதல் வாரத்திலேயே மேஸ்திரி கெட்ட வார்த்தையில் சொல்லிக் கொடுத்தது அது. அப்படியிருக்கக் கயிற்றுக்குள்ளே போனதும் கை மட்டும் ஏன் தனியாக இறங்குகிறது? ஏனென்றால் அங்கே அவன் காலை விறைத்துக்கொண்டு நிற்கிறான். பெரிய சண்டைக்காரன் என்கிற நினைப்பில் நெஞ்சை நிமிர்த்தி, முட்டியைப் பூட்டி. சொல் வந்து காலைத் தட்டுகிறது, கால் வேலை செய்யவில்லை, பாவம் கை மட்டும் போகிறது.

"என்னடா கல்லப் பாத்து இளிக்கிற?" ஒட்டகம் கேட்டான்.

"ஒன்னுமில்ல. தூக்கு."

மீதி பதினைந்து கல்லையும் அவன் ஆசையாக வைத்தான். ஒவ்வொரு தடவையும் முட்டி முந்துகிறதா என்று கவனித்தான். முந்தியது. இத்தனை வருஷமாக முந்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

டீ நேரத்தில் தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்தபோது சொன்னான். "ஞாயித்துக்கிழமை நீ அந்த வார்த்தைய தாராளமா சொல்லலாம்."

"திரும்ப ஆரம்பிக்காத."

"கேளு. உன் பயம் என்ன? அதச் சொல்லியும் நான் வைக்காம இருந்து பழகிட்டா, கல்லுலயும் வைக்க மாட்டேன்னுதானே? நான் வைப்பேன். அங்கயும் வைப்பேன். நீ எப்ப சொன்னாலும் வைப்பேன்."

"வச்சா அடி வாங்குவ."

"அது என் பாடு."

ஒட்டகம் டீயை ஊதிக்கொண்டே அவனை ஓரக்கண்ணால் பார்த்தான். "ஏதோ வச்சிருக்க உள்ள."

"ஞாயித்துக்கிழமை பாத்துக்க."

"நான் நெசமாத்தான் அடிப்பேன்டா. நண்பன்னு பாக்க மாட்டேன்."

"பாத்தா நான் கோச்சுக்குவேன்."

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அவன் கண்ணாடி முன் நின்று கையைத் தாடையில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தான். மனைவி கூடை நிறையத் துணியோடு கடந்து போகும்போதெல்லாம் "வை" என்று சொல்லிவிட்டுப் போனாள். கேட்டதற்குத்தான் சொன்னாள். ஆனால் சனிக்கிழமை குளிக்கிற அறைக்கு வெளியே நின்றும் சொன்னாள். உள்ளே வாளி கவிழ்ந்த சத்தம் கேட்டு அவள் சிரித்த சிரிப்பைப் பக்கத்து வீட்டில் கேட்டிருப்பார்கள்.

ஞாயிறு பத்து மணிக்கு பெஞ்சு நிரம்பியிருந்தது. விஷயம் பரவிவிட்டது. பெயிண்டர் தன் மச்சானையும் கூட்டிவந்திருந்தான். டயர் கடைக்காரன் கையில் எண்ணெயோடு படியில் நின்றான்.

"மூணு சுத்து. ரெண்டு ரெண்டு நிமிஷம்," என்றார் மாஸ்டர். "இன்னிக்கு எல்லாரும் கத்தலாம்."

கத்தச் சொல்லவே வேண்டாம். மணி அடித்த நொடியிலிருந்து வை, வை என்று அறை அதிர்ந்தது. வாயில் ரப்பர் இருந்ததால் ஒட்டகம் சொன்னது மட்டும் 'ஃபை' என்று வந்தது. ஆனால் சுருட்டையின் உடம்புக்கு ஐம்பது குரலில் அந்தக் குரலைத்தான் தெரியும். இடது கையைக் கண்ணுக்கு முன்னால் இரண்டு தடவை ஆட்டிவிட்டு ஒட்டகம் சொன்னான், "ஃபை!"

சுருட்டை காலால் வைத்தான். கை தாடையிலேயே இருந்தது. ஆள் அப்படியே கீழே போனான். சந்தோஷத்தில் நெஞ்சு துள்ளியது. அடுத்த நொடி தலைக்கவசத்தின் உச்சியில் சம்மட்டி மாதிரி ஒரு அடி விழுந்தது. கன்வாஸின் தையல் இரண்டாகத் தெரிந்தது.

"தரையில என்னடா தேடுற?" மாஸ்டர் கத்தினார். "காசு ஏதாவது விழுந்திருக்கா?"

அப்போதுதான் உறைத்தது. கல் வைக்கும்போது கண் கட்டையைப் பார்க்கும், கல் கட்டை மேல்தான் உட்காருகிறதா என்று. இங்கேயும் கண் கட்டையைத் தேடிக் கீழே போய்விட்டது. அந்தச் சுற்றில் இன்னும் இரண்டு தடவை வைத்தான், இரண்டு தடவையும் தரையைப் பார்த்தான், இரண்டு தடவையும் வாங்கினான்.

ஓரத்தில் உட்கார்ந்தபோது மாஸ்டர் தண்ணீரை முகத்தில் அடித்தார். "கை இறங்கல. அது நல்லது. குருடன் மாதிரி குனியற. அது கெட்டது."

"தெரிஞ்சிடுச்சு மாஸ்டர். இந்தச் சுத்துல சரியாயிடும்."

"எல்லாத்துக்கும் இதையே சொல்ற."

"இதுவரைக்கும் பொய் சொல்லல இல்ல?"

இரண்டாவது சுற்றில் ஒட்டகத்தின் சட்டை மார்பில் எழுதியிருந்த டயர் கம்பெனி எழுத்தையே கண்ணால் பிடித்துக்கொண்டான். அதை விடவே கூடாது. "ஃபை!" என்றது குரல். முட்டி மடங்கியது, எழுத்து மேலே ஏறியது, ஒட்டகத்தின் வலது கை தலைக்கு மேலே வெறுங்காற்றைக் குத்திக்கொண்டு போனது. காற்றின் சத்தம் காதில் கேட்டது. பெஞ்சில் சத்தம் இரண்டு மடங்காக எழுந்தது. மறுபடி சொன்னான், மறுபடி வைத்தான், மறுபடி காற்று. ஒட்டகத்தின் நீளக் கழுத்து ஆச்சரியத்தில் இன்னும் நீண்டது.

மாஸ்டர் மட்டும் திருப்தியாகவில்லை. "குனிஞ்சு கும்பிடு போட்டுட்டு வர்றதுக்கா போட்டிக்குப் போற? அவன் பல்லு அப்படியே இருக்கே!"

சரிதான். அடி வாங்காததற்கு மட்டும் பரிசு கிடையாது. ஆனால் அடுத்தது என்ன என்று சுருட்டைக்குச் சொல்லித்தர ஆள் தேவைப்படவில்லை. ஒரு நாளைக்கு நூறு தடவை வைக்கிறவன் நூறு தடவை தூக்கவும் செய்கிறான். கீழே போன கால் அங்கேயே நிற்பதில்லை. எட்டு வருஷமாக வாங்குகிற கூலியில் பாதி மேலே வருவதற்குத்தான்.

மூன்றாவது சுற்றில் முதல் நிமிஷம் ஒட்டகம் சொல்லவே இல்லை. தூரத்தில் நின்று இடது கையால் குத்திக் குத்தி விளையாடினான். அவனுக்கும் ரோஷம் வந்துவிட்டது. வலது கையை மறைத்து வைத்திருந்தான். சுருட்டை அவசரப்படவில்லை. ஒட்டகத்தின் இடது தோள் இலேசாகப் பின்வாங்கியதும், வரப்போகிறது என்று தெரிந்தது.

"ஃபை!"

முழுத் தோளையும் போட்டு வலது கையை விட்டான் ஒட்டகம். சுருட்டை கீழே இருந்தான். கண்ணுக்கு நேரே வலது விலா, கதவைத் திறந்துபோட்ட வீடு மாதிரி. 'தூக்கு' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். குதிகாலில் தொடங்கியது, தொடை வழியாக ஏறியது, இடது கை அதன் நுனியில் சும்மா உட்கார்ந்து போனது. விலாவுக்குக் கீழே, ஈரல் இருக்கிற இடத்தில், ஈரத் துணியைக் கல்லில் அடித்த மாதிரி ஒரு சத்தம்.

ஒட்டகம் நின்றான். ஒன்றும் ஆகாதவன் மாதிரி ஒரு முழு நொடி நின்றான். பிறகு முகம் வெளுத்து, இரண்டு காலும் ஒரே நேரத்தில் மடங்கி, கன்வாஸில் உட்கார்ந்தான்.

பெஞ்சில் இருந்தவர்கள் கூரையைப் பிய்த்தார்கள். சுருட்டைக்கு ஒன்றும் கேட்கவில்லை. கையுறையோடு மண்டியிட்டு அவன் தலையைப் பிடித்தான். "மச்சான்! டேய்! என்னடா? பேசுடா!"

மாஸ்டர் அவனைத் தள்ளிவிட்டு ஒட்டகத்தின் கண்ணைப் பார்த்தார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "மூச்ச இழுக்காத. தானா வரும். விடு."

அரை நிமிஷம் ஆயிற்று. ஒட்டகத்தின் வாயிலிருந்து ரப்பர் விழுந்தது. அப்புறம் எச்சில் விழுந்தது. கடைசியாகப் பேச்சு வந்தது.

"நல்லா... வச்சிட்டடா."

"வலிக்குதா?"

"இல்ல, சுகமா இருக்கு. கேக்கறான் பாரு கேள்வி." கையை நீட்டினான். "தூக்கு."

சுருட்டை தூக்கி நிறுத்தினான். ஒட்டகம் அவன் தோளில் முழுப் பாரத்தையும் போட்டுக்கொண்டு காதோரம் சொன்னான், "நாலு நாளா என்கிட்ட சொல்லாம வச்சிருந்த இல்ல? நாளைக்கு டீ உன் கணக்கு. பன்னும்."

"வாங்கித் தரேன்."

"ரெண்டு பன்னு."

மாஸ்டர் சன்னலோரம் போய் போனை எடுத்தார். பன்னிரண்டுக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அறுபத்தேழு கிலோ, முதல் போட்டி, இருபத்தொன்பது வயசு, ஆமா இன்னும் முப்பது ஆகல, நான் பொறுப்பு என்று அவர் சொல்வது கேட்டது. சுருட்டை யாரையும் பார்க்காமல் கையுறைக் கயிற்றைப் பல்லால் இழுத்துக்கொண்டிருந்தான். லிஸ்டில் தன் பேர் போகும் என்று அவனுக்குப் புதன்கிழமையே தெரியும். தெரிந்தும் கயிற்றில் முடிச்சு விழுந்துவிட்டது.

"கழட்டாத," என்றார் மாஸ்டர், போனைக் கையால் மூடிக்கொண்டு.

"ஏன் மாஸ்டர்?"

"முதல் ஆட்டம் யாரோடன்னு இப்பவே சொல்லிட்டாங்க. மீன் மார்க்கெட்ல ஐஸ் உடைக்கிற ஆளாம். இடதுகைக்காரன்." போனில் இன்னும் ஏதோ கேட்டுவிட்டு வைத்தார். "நீ இதுவரைக்கும் இடதுகைக்காரன் கூட ஆடினதே இல்ல. பன்னெண்டு நாள் இருக்கு. ஒட்டகம், வலது கால முன்னாடி வச்சு, திரும்பி நில்லு."

"மாஸ்டர், என் ஈரல் எந்தப் பக்கம் போச்சுன்னே இன்னும் தெரியல."

"திரும்பி நின்னா அது அவனுக்கு இன்னும் கிட்ட வரும். ஜாக்கிரதையா இரு. மெதுவா ஒரு சுத்துதான்."

ஒட்டகம் பெஞ்சைப் பார்த்தான். யாரும் எழுந்து வருவதாக இல்லை. பெயிண்டர் மும்முரமாகத் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். முணுமுணுத்துக்கொண்டே ஒட்டகம் கன்வாஸில் விழுந்த ரப்பரை எடுத்து, சட்டையில் துடைத்து, வாயில் போட்டுக்கொண்டு, வலது காலை முன்னால் வைத்து நின்றான். சுருட்டைக்கு எல்லாமே தலைகீழாகத் தெரிந்தது. வர வேண்டிய கை வரவில்லை, வராத கை வந்தது. முதல் குத்தே சுருட்டையின் காதில் விழுந்தது.

"எப்படி இருக்கு?" ஒட்டகம் கேட்டான்.

"புதுசா இருக்கு," என்றான் சுருட்டை. முட்டியைத் தளர்த்தி, கையைத் தாடைக்குக் கொண்டுபோய், அவனைச் சுற்றி எதிர்ப்பக்கமாக நடக்கத் தொடங்கினான்.